இருநூற்றுப் பதினான்கு முறை செத்தவன்

நந்தகோபால் பதினோரு வருஷத்தில் இருநூற்றுப் பதினான்கு முறை செத்திருக்கிறான். எண்ணிச் சொன்னது மெஷின். மனுஷர்கள் உட்கார்ந்து எண்ணுகிற விஷயமா அது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாஃப்ட்வேர் ரிலீஸ் வைத்த மேனேஜரால் செத்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொன்ன கம்பெனியால் செத்தான். மழைநாளில் திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்ட் முன்னால் வண்டி நகராமல் செத்தான். பேசினால் பதில் சொல்கிற டப்பா ஒன்றை வாங்கி வைத்தபோது, மிக்ஸி சத்தத்தைக் கட்டளை என்று எடுத்துக்கொண்டு அது ஆறு கிலோ பெருங்காயத்துக்கு ஆர்டர் போட்டுவிட்டது. அன்றைக்குச் சிரித்தே செத்தான். ஒவ்வொரு சாவையும் ஞாயிற்றுக்கிழமை காலையில் 'அரைப்புள்ளி' என்ற தன் வலைப்பூவில் எழுதிவைத்தான். புரோகிராம் கோடில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனால் மொத்தமும் படுத்துவிடும், அதனால் அந்தப் பெயர் என்று அவனே சொல்லி அவனே சிரிப்பான். படிக்கிறவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். அதில் பாதிப் பேர் கூட வேலை பார்க்கிறவர்கள், மீதி அவன் பக்கத்துச் சொந்தம்.

இப்போது அவன் நிஜமாகவே சாகக் கிடந்தான். குளியலறையில் விழுந்தவனை மூளையில் ரத்தக்கசிவு என்று கொண்டுவந்து சேர்த்து இருபத்து மூன்று நாள் ஆகிறது. மூச்சு மெஷினுடையது. பிழைத்து எழுந்திருக்க ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, அதற்கும் மாதக்கணக்கில் ஆகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் மனைவி மேகலாவுக்கு அந்த ஒரு பங்கு போதும். அவளை யாரும் கேட்கவில்லை என்பதுதான் பிரச்சினை.

ஆஸ்பத்திரியின் முதல் மாடியில் ஒரு சின்ன அறை. ஒரு மேஜை, மூன்று நாற்காலி, நடுவில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு ஸ்பீக்கர். சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று. முறையீட்டு அலுவலர் அருள்மேரி ஃபைலைப் பிரித்து வைத்துக்கொண்டு, மேகலாவின் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"உங்க வீட்டுக்காரரோட சார்பாளர், மூச்சு மெஷினை நிறுத்திரச் சொல்லி முடிவு குடுத்திருக்கு. நீங்க ஆட்சேபிச்சிருக்கீங்க. அதனால ஒரே ஒரு தடவ அதுகூட நீங்க பேசலாம். நாலு மணி வரைக்கும் நேரம். முடிவு மாறலைன்னா அஞ்சு மணிக்கு டாக்டர் நிறுத்திருவாரு."

"நான் சம்சாரமுங்க. பத்தொம்பது வருஷம் கூட இருந்தவ. நான் சொன்னாப் பத்தாதுங்களா?"

"முன்ன அப்படித்தான் இருந்துச்சு மேடம். மகன் நிறுத்துன்னுவான், மக நிறுத்தாதேன்னுவா. ஆளாளுக்கு அவங்க ஆசையச் சொன்னாங்க, படுத்திருக்கறவங்க ஆசைய ஒருத்தரும் சொல்லலை. அதுக்காகத்தான் சார்பாளர்னு இந்த மெஷின் வந்துச்சு. அவரு எழுதுனது எல்லாத்தையும் படிச்சு, அவரா இருந்தா இப்ப என்ன சொல்லுவாரோ அதை இது சொல்லும். உங்க வீட்டுக்காரரே சம்மதம் குடுத்திருக்காரு."

குடுத்திருப்பான். புதுப் போன் வாங்கினால் வருகிற அத்தனை கேள்விக்கும் படிக்காமலே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று தட்டிக்கொண்டு போகிற ஆள். அப்படித் தட்டுகிறவர்களைக் கிழிகிழியென்று கிழித்து ஒரு பதிவும் எழுதியிருக்கிறான்.

அருள்மேரி ஒரு பொத்தானை அழுத்தினாள்.

"வணக்கம். நான் நந்தகோபாலின் சார்பாளர். நீங்கள் பேசலாம்."

மேகலா ஸ்பீக்கர் பக்கம் குனிந்தாள். அவன் குரல். வாக்கியம் முடிகிற இடத்தில் கொஞ்சம் மூக்கால் பேசுவானே, அது உட்பட. கீழே அந்தத் தொண்டையில் குழாய் செருகிக் கிடக்கிறது, இங்கே டிபன் பாக்ஸ் பேசுகிறது.

"அவரு என்னைய ஒருநாளும் நீங்கன்னு கூப்பிட்டதில்லீங்க," என்றாள் அருள்மேரியிடம்.

"அது அலுவல் முறை மேடம். மாத்த முடியாது. நேரம் ஓடுதுங்க."

மேகலா முதலில் கெஞ்சினாள். அவன் நல்லவன் என்றாள், உயிர்மேல் ஆசை உள்ளவன் என்றாள், போன மாதம்தான் மாடியில் டிராகன் பழச்செடி வாங்கி வைத்தான் என்றாள். சார்பாளர் பொறுமையாகக் கேட்டது. பொறுமை அதற்குச் சும்மா வருகிறது.

"செடியைக் கணக்கில் எடுத்துக்கொண்டேன். ஆனால் முந்நூற்றுப் பதினெட்டுப் பதிவுகளில் இருநூற்றுப் பதினான்கு இடங்களில் அவர் சாவைப் பற்றிப் பேசுகிறார். பெரும்பாலும் அதை ஏற்றுக்கொள்கிறார், பல இடங்களில் கேட்கவும் செய்கிறார். உதாரணம்: 'என்னைக் கொன்றுவிடுங்கள், ஆனால் மறுபடியும் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லாதீர்கள்.'"

"அது வெளையாட்டுங்க!"

"'இந்த மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பதற்கு நாண்டுகொண்டு சாகலாம்.'"

"அது... மீட்டிங் நெசமாவே மோசமுங்க. அதுக்காகச் சாவாங்களா?"

"'மாமியார் வீட்டு நாட்டுக்கோழி வறுவல். இதைத் தின்றுவிட்டு இப்படியே போய்ச் சேர்ந்தாலும் சந்தோஷம்.' இது சாவை மகிழ்ச்சியோடு ஏற்கிறது. மற்றவற்றை விட இதற்கு அதிக மதிப்புக் கொடுத்திருக்கிறேன்."

அருள்மேரி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மேகலாவுக்கும் வேறொரு நாளாக இருந்தால் சிரிப்பு வந்திருக்கும். அந்தக் கோழி வறுத்தது அவள் அம்மா. அதை எழுதியதற்கு அம்மா ஒரு வாரம் பெருமை பேசினாள். இன்றைக்கு அந்தக் கோழிதான் மருமகனின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவுக்கு அவள் சூப்பர்வைசர். ஒரு லாட் மொத்தமாகத் திரும்பி வந்தால் அழுது பயனில்லை, ஒவ்வொரு பீஸாகக் கையில் எடுத்து எது ஓட்டை, எது வெறும் பிசிர் என்று பார்த்துத்தான் தீர வேண்டும். பதினைந்து வருஷமாகச் செய்கிற வேலை.

"ஒண்ணொண்ணா எடுங்க," என்றாள். "நான் சொல்றேன்."

எடுத்தார்கள். 'சர்வர் உயிரை வாங்குகிறது' என்றால் சர்வர் தொந்தரவு கொடுக்கிறது என்று அர்த்தம், ஒருத்தரும் உயிரை விற்பதில்லை. 'பசியில் உயிர் போகிறது' என்றால் சோறு போடு என்று அர்த்தம். 'நான் செத்தேன்' என்றால் மேனேஜர் கூப்பிடுகிறார் என்று அர்த்தம். ஒவ்வொன்றுக்கும் சார்பாளர் சான்று கேட்டது. அதற்கு மறுநாள் அவன் சந்தோஷமாக எதையாவது எழுதியிருந்தால் மட்டும் ஏற்றுக்கொண்டது. இல்லாவிட்டால் 'ஐயம் நீடிக்கிறது' என்றது. அவன் வாரத்துக்கு ஒருநாள் எழுதுகிற ஆள், மறுநாளுக்கு எங்கே போவது?

ஒன்றரை மணிக்குக் கணக்குப் பார்த்தபோது பத்தொன்பதுதான் கழிந்திருந்தது. இன்னும் நூற்றுத் தொண்ணூற்றைந்து.

"இப்படிப் போனா முடியாதுங்க மேடம்," என்றாள் அருள்மேரி மெதுவாக.

மேகலா காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "ஏனுங்க, உங்களுக்கு மனசே இல்லீங்களா?" என்று ஸ்பீக்கரைப் பார்த்துக் கத்தினாள். "அவரு மட்டுமில்லீங்க, எங்க ஊர்ல அத்தனை பேரும் இப்படித்தான் பேசுவோம். என்ற செக்கிங்ல நாப்பது பொண்ணுக இருக்குது. காலைல பஞ்ச் வெக்கறதுக்குள்ள நாப்பது பேரும் ஒருதரம் செத்துருவாங்க. மத்தியானம் டிபன் பாக்ஸைத் தொறந்தா ஒருத்தி பொரியலுக்கு இன்னொருத்தி உயிரையே குடுப்பா. வாய் ஓயாம சாவுனு சொல்றது நாங்க உசுரோட இருக்கறதுனாலதானுங்க!"

சார்பாளர் திருப்பிக் கேட்டது.

"ஒரு கேள்வி. எல்லாரும் எப்போதும் இப்படிப் பேசினால், உண்மையாகவே 'போதும்' என்று நினைக்கிற ஒருவர் அதை எப்படிச் சொல்வார்?"

கோபத்தில் இருக்கிறவர்களுக்கு யோசிக்க நேரம் இருப்பதில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள். அது உண்மையாகவும் இருந்தது, அதுதான் வினை.

"அவங்க சாவுங்கற வார்த்தையவே தொட மாட்டாங்க. நக்கல் இருக்காது, கேலி இருக்காது. சாதாரணமா, கரண்ட் பில் கட்டீருன்னு சொல்ற மாதிரி சொல்லீட்டுப் போயிருவாங்க."

"இதை ஒரு விதியாக எடுத்துக்கொள்ளலாமா?"

"எடுத்துக்கங்க! தாராளமா எடுத்துக்கங்க!"

"பரிசோதிக்கிறேன்."

பரிசோதிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. பிறகு சார்பாளர் சொன்னது. "ஆயிரக்கணக்கான தமிழ் உரையாடல்களில் சரிபார்த்தேன். நீங்கள் சொல்வது பொருந்துகிறது. இருநூற்றுப் பதினான்கு இடங்களையும் நீக்குகிறேன். அவை சாவைப் பற்றியவை அல்ல."

மேகலா மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். அருள்மேரி எழுந்துபோய் டீ வாங்கி வந்து அவள் கையில் வைத்தாள். "நாலு வருஷமா இந்த வேலைல இருக்கேன் மேடம். இத்தனையும் ஒரே அடியா நீக்குனது இதுதான் மொதத் தடவை," என்றாள். டீ இனித்துக் கிடந்தது. மேகலா அதை மடமடவென்று குடித்தாள். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு அவனுக்குத் துவைத்த வேட்டி கொண்டுவர வேண்டும் என்றுகூட நினைத்துக்கொண்டாள்.

"விதியின் மறுபாதியையும் நான் பயன்படுத்த வேண்டும்," என்றது அவன் குரல்.

"மறுபாதின்னா?"

"சாவு என்ற வார்த்தை இல்லாமல், கேலி இல்லாமல், சாதாரணமாகச் சொன்னது ஏதாவது உண்டா என்று தேடினேன். முன்பு அப்படித் தேடவில்லை. ஒன்று இருக்கிறது. தலைப்பு 'இருபது நாள்'. எழுதி ஆறு வருஷம் ஆகிறது. வாசிக்கிறேன்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அது வாசிக்கத் தொடங்கிவிட்டது.

"எங்கள் வீட்டுப் பெரியவர் எழுபத்தொரு நாள் குழாய்களோடு படுத்திருந்தார். மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து நாங்களும் பாதி ஆளாகிவிட்டோம். கடைசி மாதத்தில் அவர் கண்ணைப் பார்க்கவே பயமாக இருந்தது. எனக்கு இப்படி ஆனால் இருபது நாள் பாருங்கள். அதற்குமேல் வேண்டாம். வீட்டில் இருப்பவரை அந்த நாற்காலியில் உட்கார வைக்க எனக்கு விருப்பமில்லை. இதை யோசித்துத்தான் எழுதுகிறேன்."

வாசித்து முடித்த பிறகும் அந்தக் குரல் அறையிலேயே இருந்தது போலிருந்தது. அருள்மேரி டீ டம்ளரை ஓசை வராமல் கீழே வைத்தாள்.

மேகலாவுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நன்றாக நினைவிருந்தது. மாமனார் போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம். அவன் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அடித்தான், அவளுக்கு வாசித்துக் காட்டினான். வழக்கம்போல முதலில் ஏகப்பட்ட கிண்டல் இருந்தது. ரீஸ்டார்ட் பண்ணியும் எழாத கம்ப்யூட்டர், அப்டேட் வராத மனுஷன் என்றெல்லாம். "இதுல மட்டும் கோமாளித்தனம் வேண்டாங்க, சொல்றதை நேராச் சொல்லுங்க," என்று அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கிண்டலாக எடுக்க வைத்தாள். எடுத்து எடுத்து மிஞ்சியது அந்த எட்டு வரி. போடுவதற்கு முன்னால், "நெசமாத்தான் சொல்றீங்களா?" என்று கேட்டாள். "நெசமாத்தான்டி," என்றான். அவன் அந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பேசி அவள் அதிகம் பார்த்ததில்லை.

ஆக, அவளுக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். இருபதாம் நாள் விடிந்தபோது அவள் காலண்டரையே பார்க்கவில்லை.

"இன்று இருபத்து மூன்றாம் நாள்," என்றது சார்பாளர். "இந்த ஒரு பதிவு போதுமானது. முடிவில் மாற்றமில்லை. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?"

மணி மூன்று இருபது. ஐந்து மணிக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. போட்டதை நினைத்து அவளுக்கே வெறுப்பாக இருந்தது. அவன் வெந்நீர் போட்டுவிட்டு மறந்துபோவது, செருப்பைக் குறுக்கே கழற்றி எறிவது, தூக்கத்தில் எதையோ சரிபண்ணுவது போல விரலை ஆட்டுவது, எல்லாம் ஐந்து மணியோடு தீர்ந்துபோகும். ஐந்தில் ஒரு பங்கு. செக்கிங்கில் ஐந்துக்கு ஒன்று தேறும் என்று தெரிந்தால் அந்த லாட்டை யாராவது குப்பையில் போடுவார்களா?

"சொல்லோணுங்க," என்றாள். "அது அவரு எழுதுனது இல்லைங்க."

"பதிவு அவர் பெயரில் இருக்கிறது."

"பேரு அவருது. எழுதுனது நான்."

அருள்மேரி நிமிர்ந்து பார்த்தாள். மேகலா அவளைப் பார்க்கவில்லை.

"ஏன் அவர் பெயரில் எழுதினீர்கள்?"

"என்ற பேருல எழுதுனா ஆருங்க படிப்பாங்க?" பொய் சொல்கிறபோது இவ்வளவு சுலபமாக வாயில் வார்த்தை வரும் என்று அவளுக்கே தெரியாது. "படுத்துக் கெடந்தது என்ற மாமனார். மாசக்கணக்கா அந்த நாற்காலில உக்காந்தது நானு. அவரு ஆபீஸ் முடிச்சுத்தான வருவாரு? மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு, எழுதுனேன். அவரு போட்டுட்டாரு."

"ஒப்பிட்டுப் பார்க்கிறேன்."

இந்த முறை சீக்கிரமாகவே பேசியது.

"பதிவில் 'நான்', 'எனக்கு' என்று வருகிறது. தமிழில் அதை வைத்து எழுதியவர் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. 'வீட்டில் இருப்பவர்' என்பதும் கணவனாகவும் இருக்கலாம், மனைவியாகவும் இருக்கலாம். மற்ற முந்நூற்றுப் பதினேழு பதிவுகள் ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு கிண்டலாவது இருக்கிறது. இதில் இல்லை. காலையிலிருந்து நீங்கள் பேசியதோடு ஒப்பிட்டேன். சுற்றிவளைக்காமல் நேராகச் சொல்வது உங்கள் வழக்கம். பதிவின் நடை அவருடையதை விட உங்களுடையதோடு அதிகம் பொருந்துகிறது. உங்கள் கூற்றை ஏற்கிறேன்."

மேகலாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. யாரோ நம்பிக் கையில் கொடுத்துவைத்ததை, அவர்கள் தூங்கும்போது தானே விற்றுவிட்ட மாதிரி இருந்தது. பிசிர் எடுத்தது அவள்தான், துணி அவனுடையது.

"முடிவு. நந்தகோபாலின் விருப்பம் குறித்துப் போதிய சான்று இல்லை. சிகிச்சை தொண்ணூறு நாள் தொடரலாம். 'இருபது நாள்' என்ற பதிவு உங்கள் பெயருக்கு மாற்றப்படுகிறது. அதைக் கொண்டு உங்களுக்கான சார்பாளர் இன்று உருவாக்கப்படும். உங்களால் பேச முடியாத நிலை வந்தால் உங்களுக்காக அது பேசும். தற்போது அதனிடம் உள்ள பதிவு ஒன்று. சம்மதமா?"

"சம்மதமில்லைன்னா?"

"உங்களுடையதல்ல என்று பொருள். பதிவு அவர் பெயருக்கே திரும்பும்."

மேகலாவுக்கு நாற்பத்திரண்டு வயது. அவளுக்குச் சாக விருப்பமில்லை. இருபது நாளில் இல்லை, இருநூறு நாளிலும் இல்லை. தன்னை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும், நாற்காலி போட்டு ஒருத்தர் பக்கத்தில் உட்கார வேண்டும், மூச்சு இருக்கிறவரை ஒருத்தரும் கையை விடக்கூடாது என்று ஆசைப்படுகிற ஜாதி அவள். மாமனாரைப் பார்த்துக்கொண்ட நாளிலெல்லாம் அதைத்தான் நினைத்தாள். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதுகிற பழக்கம் இருந்தது அவனுக்குத்தானே.

"சம்மதமுங்க," என்றாள்.

ஸ்பீக்கரில் எரிந்துகொண்டிருந்த சின்ன விளக்கு அணைந்தது. அருள்மேரி காகிதங்களை அடுக்கிக் கட்டினாள். கதவு வரைக்கும் கூடவே வந்தாள். கைப்பிடியில் கை வைத்துக்கொண்டு, வராந்தாவில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"மேடம், இனிமே எங்கயும் ஒரு வரி எழுதாதீங்க. போன்ல கூட நீளமா எதுவும் அனுப்பாதீங்க. மாசத்துக்கு ஒருக்கா அது திரும்ப ஒப்பிட்டுப் பாக்கும். அந்தப் பதிவும் நீங்க எழுதறதும் ஒரே ஆளு எழுதுனது இல்லைன்னு தோணிச்சுன்னா இன்னைக்கு முடிவை ரத்து பண்ணீரும்."

மேகலா அவள் முகத்தைப் பார்த்தாள். "அது பொய்யின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்" என்று கேட்கவில்லை. அருள்மேரி படியிறங்கிப் போய்விட்டாள்.

கீழே, அவன் நெஞ்சு மெஷினுக்குச் சரியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தாடி வளர்ந்திருந்தது. கண் பாதி திறந்து எங்கேயோ பார்த்தது. மேகலா அந்தக் கண்ணைப் பார்க்க முயன்றாள், முடியவில்லை, போர்வையைச் சரிசெய்தாள்.

"ஏனுங்க," என்றாள் அவன் காதருகில். "நீங்க சொன்னதை நான் கேக்கலை. எந்திரிச்சு வந்து என்னையத் திட்டுங்க. எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. நக்கலடிச்சு நாலு பக்கம் எழுதுங்க."

நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்தாள். சிகிச்சையைத் தொடர்வதற்கு. பெயர், வயது, உறவுமுறை எல்லாம் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. மேகலா ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அவள் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை.

கடைசி வரியில், 'நோயாளியின் விருப்பம்: யாருக்கும் தெரியாது' என்று இருந்தது.

"இங்க போடுங்க்கா," என்று நர்ஸ் அந்த வரிக்குக் கீழே விரலை வைத்தாள்.

மேகலா கையெழுத்துப் போட்டாள்.